குழந்தையோட விளையாட்டுக்கு இ.எம்.ஐ. வேண்டாம்: முதல் பாயை வீட்டிலேயே தைங்க!



கிரிக்கெட் கிட், கீபோர்டு, ஸ்கேட்டிங் ஷூ. குழந்தை ஒரு வகுப்புல சேர்ந்த அடுத்த மாசமே வீட்டுக்குள்ள வர்ற பொருட்களோட பட்டியல் இது. இப்போ கடற்கரை ஊர்கள்ல இந்த வரிசையில விண்ட்சர்ஃபிங்கும் சேர்ந்திருக்கு. "பையனுக்கு எட்டு வயசு. நாலு கிளாஸ் போயிருக்கான், ரொம்பப் பிடிச்சிருக்கு. சொந்தமா ஒரு செட் வாங்கித் தரலாமா? கார்டுல நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு." இப்படிக் கேட்கிற அப்பா அம்மாவுக்கு என் பதில் இதுதான்: முதல் செட்டை வாங்காதீங்க, செய்யுங்க. பணம் மிச்சமாகும்கிறது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் வேற. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, இது என்ன பொருள்?

விண்ட்சர்ஃபிங்னா ஒரு பலகை, அது மேல ஒரு பாய்மரம். சாதாரணப் பாய்மரப் படகுல மரம் அசையாம நிக்கும். இதுல பலகையும் மரமும் சேர்ற இடத்துல எந்தப் பக்கமும் சாயுற மாதிரி ஒரு மூட்டு இருக்கும். குழந்தை நின்னுக்கிட்டு, பாயோட குறுக்குக் கழியைப் பிடிச்சு, பாயைச் சாய்ச்சே திசையை மாத்தும்.

பெரியவங்க பாய் 5, 6 சதுர மீட்டர் இருக்கும். எட்டு வயசுக் குழந்தைக்கு 1.5 சதுர மீட்டர் போதும். ஏன்னா, கீழ விழுந்ததும் பாய் தண்ணியில படுத்துடும், அது மேல தண்ணி தேங்கும். குழந்தை அதைக் கயித்தால இழுத்து நிமிர்த்தணும். பாய் பெருசா, கனமா இருந்தா பாதி நேரம் அந்த இழுவையிலேயே போயிடும். அப்புறம் குழந்தை வளர வளர பாயோட அளவும் மாறணும். அதாவது, நீங்க வாங்குற முதல் பாய்க்கு ஆயுள் ஒண்ணு ரெண்டு சீசன்தான்.

கணக்கைப் பார்ப்போம்

புரியறதுக்காக ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க. புது செட் ரூ.70,000. வருஷத்துக்கு 16% வட்டியில 12 மாசத் தவணை. மாசம் சுமார் ரூ.6,350 கட்டணும். மொத்த வட்டி சுமார் ரூ.6,200. அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., இன்னொரு ரூ.1,100. "நோ காஸ்ட்"னு சொன்னாங்கன்னா, வட்டித் தொகையைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுடுவாங்க. ஆனா அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் பொதுவா உங்க தலையிலதான் விழும். ஸ்டேட்மென்டைப் பொறுமையா வாசிச்சுப் பாருங்க, தெரியும்.

இப்போ வீட்டுல செய்யற செலவு. துணி, மூங்கில், கயிறு, கடையில வாங்கின மூட்டு எல்லாம் சேர்த்து ரூ.8,000னு வச்சுப்போம். பலகையை வகுப்பு நடக்குற இடத்துலயே வாடகைக்கு எடுக்கறீங்க. உங்க நேரத்துக்கும் விலை போடணும். சி.ஏ.கிட்ட கேட்டா அப்படித்தான் சொல்வோம். மாசச் சம்பளம் ரூ.60,000, மாசம் 200 மணி நேரம் வேலைன்னா, ஒரு மணிக்கு ரூ.300. 25 மணி நேர வேலைக்கு ரூ.7,500. ஆக மொத்தம் ரூ.15,500, கூட பலகை வாடகை.

ஒரு விஷயம் கவனிங்க. அந்த ரூ.7,500ஐ உழைப்புச் செலவுன்னு எழுதறதா, வேற ஏதாவதுன்னு எழுதறதாங்கிறது உங்க கையில இருக்கு. குழந்தை உள்ள போன் பார்த்துக்கிட்டு இருக்க, நீங்க மட்டும் மொட்டைமாடியில மூங்கில் அறுத்தீங்கன்னா அது செலவுதான். குழந்தை அளவு நாடாவைப் பிடிச்சு, துணியில சாக்பீஸால கோடு போட்டு, "அப்பா, இது முக்கோணமாவே வரலையே"ன்னு சண்டை போட்டா, அதைச் செலவுல எழுத எனக்கு மனசு வராது.

இந்த 70,000ஐ எஸ்.ஐ.பி.ல போட்டா 20 வருஷத்துல எத்தனை லட்சம்னு பயமுறுத்தவும் போறதில்ல. எட்டு வயசு ஒரு தடவைதான் வரும். செலவு பண்ண வேண்டிய இடத்துல பண்ணித்தான் ஆகணும்.

அசல் காரணம்: "வேண்டாம்"னு சொல்ற உரிமை

எட்டு வயசுல ஒரு குழந்தைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு அதுக்கே தெரியாது. நாலு விஷயத்தைத் தொட்டுப் பார்த்துட்டு மூணை விட்டாத்தான் ஒண்ணு ஒட்டும். விடறதும் கத்துக்கறதுல ஒரு பகுதிதான்.

ஆனா ரூ.70,000 செட் வீட்டுக்குள்ள வந்ததும் என்ன ஆகும்? ஏழாவது மாசம் குழந்தை, "எனக்கு இது போரடிக்குதுப்பா" அப்படின்னு சொல்லும். உங்களுக்கு இன்னும் அஞ்சு தவணை பாக்கி. வாயில என்ன வரும்? "இவ்வளவு காசு போட்டிருக்கேன், ஒழுங்கா போ!" அந்த நிமிஷத்துல இருந்து உங்க இ.எம்.ஐ.யைக் குழந்தையும் சேர்ந்து சுமக்குது. திரும்ப வராத செலவை நினைச்சு அடுத்த முடிவை எடுக்காதீங்கன்னு பங்குச்சந்தைக்கு நாம நூறு தடவை பேசியிருக்கோம். ஆனா நஷ்டத்துல இருக்கிற பங்கை விக்க மனசு வராதவங்க, குழந்தை விஷயத்துலயும் அதையேதான் பண்றாங்க. இன்னும் மோசம் என்னன்னா, சில குழந்தைங்க அப்பா முகத்தைப் பார்த்துட்டு, பிடிக்கலைன்னு சொல்லவே சொல்லாது.

ஆப்ஷன்ல ஒரு ப்ரீமியம் கட்டுவோம் இல்லையா? பிடிச்சா வாங்கலாம், இல்லைன்னா அந்தச் சின்னத் தொகையோட விலகிடலாம். வீட்டுல செஞ்ச பாய் அந்த ப்ரீமியம் மாதிரி. குழந்தை விட்டுட்டாலும் யாருக்கும் வலிக்காது. மூங்கில் கொடி கட்ட உதவும், துணி வண்டிக்கு உறை ஆகும்.

சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் 2021ல ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். அவங்க பாய்மரத்தைத் தொட்டது ஒரு கோடைக்கால முகாம்ல. அதாவது, முகாமோட படகுல ஆரம்பிச்ச பயணம் அது. தொடக்கத்துக்குச் சொந்த செட் அவசியமே இல்லை.

இந்த விளையாட்டே வீட்டுல பிறந்ததுதான்

"வீட்டுல செஞ்சதை எடுத்துட்டுப் போனா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"ன்னு தயங்கறவங்களுக்குக் கொஞ்சம் வரலாறு.

1958ல இங்கிலாந்தோட ஹெய்லிங் தீவுல பீட்டர் சில்வர்ஸ்னு 12 வயசுப் பையன், பலகையில பாயைப் பொருத்தி ஓட்டினான். 1964ல அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல நியூமன் டார்பி ஒரு பாய்ப்பலகை செஞ்சார். அடுத்த வருஷம் 'பாப்புலர் சயின்ஸ்' பத்திரிகையில, வாசகர்களே செஞ்சுக்கிற மாதிரி அதோட வரைபடத்தைக் கொடுத்தார். அப்புறம் ஹாயில் ஸ்வைட்சர், ஜிம் டிரேக் ரெண்டு பேரும் சேர்ந்து தங்களோட வடிவமைப்புக்குக் காப்புரிமை வாங்கினாங்க. அந்த உரிமையை வச்சு இங்கிலாந்துல ஒரு நிறுவனம் மேல வழக்கு போட்டப்போ, 1980கள்ல அங்க இருக்கிற நீதிமன்றம் காப்புரிமையே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கு எடுத்துக்கிட்ட முக்கியமான ஆதாரம் என்ன தெரியுமா? அந்தப் 12 வயசுப் பையன் செஞ்ச பலகைதான்!

குழந்தைங்க பாய்மரம் கத்துக்கிற 'ஆப்டிமிஸ்ட்' படகும் இதே கதைதான். 1947ல ஃபுளோரிடாவுல கிளார்க் மில்ஸ் வடிவமைச்சது. ரெண்டு ஷீட் பிளைவுட்ல முடியணும், 50 டாலருக்குள்ள அடங்கணும்னுதான் அதைத் திட்டமிட்டாங்க. இன்னிக்கு உலகம் முழுக்கக் குழந்தைங்க அதுலதான் ஆரம்பிக்கறாங்க.

கட்டுமரம்ங்கிற சொல்லை இங்கிலீஷுக்கே கொடுத்த ஊர் நம்மளோடது. மரத்தைக் கட்டி கடல்ல இறங்கினவங்க பேரப்பிள்ளைங்களுக்கு இதுல என்ன கூச்சம்?

எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

எல்லாத்தையும் வீட்டுலயே பண்ணிடலாம்னு சொல்ற ஆள் நான் இல்லை. தண்ணியில தப்புக் கணக்குக்குத் திருத்தம் போட முடியாது.

செய்யலாம்: பாய், மரம், குறுக்குக் கழி. 2.4 மீட்டர் உயரம், 1.3 மீட்டர் அகலத்துல ஒரு முக்கோணம் வெட்டினா சுமார் 1.56 சதுர மீட்டர் வரும். குடை, கூடாரம் செய்யற மாதிரியான நைலான் துணி நல்லா இருக்கும், லேசான தார்ப்பாயும் ஓடும். வீட்டுத் தையல் மெஷின்ல முடியலைன்னா, வண்டிக்கு சீட் கவர் தைக்கறவர்கிட்ட கொடுங்க, தடிமனான துணிக்கு ஏத்த மெஷின் அவர்கிட்ட இருக்கும். மரத்துக்கு மூங்கில் அருமை. லேசா இருக்கும், மிதக்கும். அலுமினியக் குழாய்னா ரெண்டு முனையையும் தண்ணி புகாம அடைச்சுடுங்க. கழியில சிலாம்பு குத்தாம இருக்க சைக்கிள் ட்யூபைச் சுத்துங்க, பிடியும் கிடைக்கும்.

வாடகை: பலகை. அகலமான, நல்லா மிதக்கிற பயிற்சிப் பலகையா எடுங்க.

கட்டாயம் வாங்கணும்: பலகையையும் மரத்தையும் இணைக்கிற மூட்டு, அப்புறம் மிதவை ஜாக்கெட். மூட்டு உடைஞ்சா பாய் ஒரு பக்கம் போகும், குழந்தை ஒரு பக்கம் போகும். ஜாக்கெட்ல தரக்குறியீட்டைப் பாருங்க. 50 நியூட்டன்னு போட்டிருந்தா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கான உதவி மட்டும்தான். நீச்சல் தெரியாத குழந்தை இந்த விளையாட்டுக்கு வரவே கூடாது. முதல்ல நீச்சல் வகுப்பு, அப்புறம் பாய். ஜாக்கெட் குழந்தையோட எடைக்குச் சரியா இருக்கணும். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்"னு பெருசா எடுக்காதீங்க. ஸ்கூல் யூனிஃபார்ம்ல பண்ற சிக்கனம் இங்க ஆகாது.

வீட்டுப் பாய்க்கு ஒரு எல்லையும் உண்டு. 10 நாட், அதாவது மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர் காத்துல, 1.5 சதுர மீட்டர் பாய் மேல விழற விசை கிட்டத்தட்ட 3 கிலோ எடை. மூங்கிலும் தையலும் அதைத் தாங்கும். காத்து ரெண்டு மடங்கானா விசை ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அப்போ 12 கிலோ. கூட்டு வட்டி மாதிரி, ஏறும்போது நம்ம மனக்கணக்கை மீறித்தான் ஏறும். அதனால 10 நாட்டுக்கு மேல காத்து இருந்தா அன்னிக்கு வீட்டுப் பாய்க்கு லீவு.

இடமும் முக்கியம். அலை உடையற கரை வேண்டாம். ஆழமில்லாத, அமைதியான உப்பங்கழி மாதிரி இடம், அங்க அனுமதி, பக்கத்துல பயிற்சியாளர், இது மூணும் வேணும். தென்மேற்குப் பருவ மாசங்கள்ல சென்னைப் பக்கம் காலையில காத்து நிலத்துல இருந்து கடலுக்கு அடிக்கும். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா குழந்தையைக் கரையில இருந்து வெளியே தள்ளிக்கிட்டே போகும். அந்தக் காத்துல இறக்காதீங்க.

எப்போ வாங்கறது?

நான் வைக்கிற விதி சிம்பிள். நீங்க எழுப்பாமலே குழந்தை எழுந்து கிளம்பின நாட்களை மட்டும் காலண்டர்ல குறிங்க. 20 ஆனதும் வாங்கற பேச்சை எடுங்க. அப்பவும் முதல்ல செகண்ட் ஹேண்ட். அந்தப் பணத்தை முன்கூட்டியே மாசாமாசம் தனி ஆர்.டி.ல சேருங்க. 20 வந்தா செட் வாங்கலாம், வரலைன்னா அந்தப் பணம் அடுத்த ஆசைக்கு. அவசரகால நிதியைத் தொடாதீங்க.

வாங்கின பிறகு வீட்டுப் பாயை இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு விக்காதீங்க. எந்தத் தையல் எங்க நைஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க குழந்தைக்காக ஓடிக்கிட்டிருக்கிற தவணைகளை ஒரு தாள்ல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, "இன்னிக்கு இதை விட்டுடறேன்னு சொன்னா நான் சிரிச்ச முகமா சரின்னு சொல்வேனா?"ன்னு கேட்டுப் பாருங்க. 'இல்லை'ன்னு பதில் வர்ற இடத்துல, அந்தப் பொருள் உங்க பட்ஜெட்டை மீறினது. சம்பளம் எவ்வளவா இருந்தாலும் சரி.