இடுப்பில் ஒன்று, கணுக்காலில் ஒன்று: கைப்பேசி காட்டும் துப்பாக்கியும் நம் நாட்டுச் சட்டமும்

முதல் துப்பாக்கியை இடுப்பின் வலப்பக்கம் செருகுவதா, வயிற்றோரமா? அது கைவிட்டால் எடுப்பதற்கு இரண்டாவதைப் பையில் வைப்பதா, கணுக்காலில் கட்டுவதா? சட்டைக்கு மேலே தெரியாமல் இருக்க எந்த உறை நல்லது? அமெரிக்கர்கள் இதையெல்லாம் மணிக்கணக்கில் விளக்கும் காணொளிகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. சுங்கை பட்டாணியிலோ பாடாங் செராயிலோ உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளையின் கைப்பேசிக்கும் அவை வந்து சேர்கின்றன. அதோடு துப்பாக்கி தூக்கும் நாயகர்களின் படங்களும் சேர்ந்துகொள்கின்றன.

அமெரிக்காவில் அது சட்டத்துக்கு உட்பட்ட பேச்சு. வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. அங்கே 50 மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். எங்கே செருகுவது என்பது அவர்களுக்கு வசதி பற்றிய கேள்வி. இங்கே அது எத்தனை ஆண்டுச் சிறை, எத்தனை ரோத்தான் என்ற கேள்வி.

ஒன்றா, இரண்டா, மூன்றா?

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மாநிலக் காவல்துறைத் தலைவர் வழங்கும் உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேட்டைத் துப்பாக்கி உரிமம் பெற்ற விவசாயிகள் உண்டு. தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி உரிமம் கிடைப்பது மிகச் சிலருக்கே.

உரிமம் இல்லாமல் பிடிபட்டால் இந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தோட்டா மட்டும் இருந்தாலும் குற்றமே. இதோடு முடிவதில்லை. 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படிக்குக் குறையாத தண்டனை. எந்தச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டுவது என்பதை அரசுத் தரப்பே முடிவு செய்கிறது.

அதே 1971 சட்டத்தில் பலர் அறியாத ஒரு வரி உண்டு. உரிமம் இல்லாமல் இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் ஒருவரிடம் இருந்தால், அவர் ஆயுதக் கடத்தலில் ஈடுபட்டவர் என்றே சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். "முதலாவது, மாற்று" என்று இரண்டைக் கட்டிக்கொண்டு திரிபவன், நண்பனுக்காக மூன்றாவதை வீட்டில் ஒளித்து வைத்தால் வழக்கே வேறாகிவிடும். கடத்தலுக்கான தண்டனை பல பத்தாண்டுச் சிறையிலிருந்து தூக்கு வரை போகும்.

கொள்ளை, ஆள்கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், கைதுக்கு எதிர்ப்பு போன்ற குற்றங்களின்போது காயப்படுத்தும் நோக்கில் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் மரண தண்டனைக் குற்றம்தான். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பிறகு, மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் என்று நீதிபதி தேர்ந்தெடுக்கலாம். இருபத்திரண்டு வயதில் உள்ளே போகிறவன் ஐம்பதைத் தாண்டி வெளியே வருவான்.

பொம்மைத் துப்பாக்கியாக இருந்தாலும் விளையாட்டாகிவிடாது. அசலைப் போலத் தோன்றும் போலி ஆயுதம் வைத்திருப்பதே ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம். அதைக் காட்டிக் கொள்ளையடித்தால் 1971 சட்டமும் வந்து சேரும்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்

பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். துப்பாக்கி வைத்திருப்பவன் என்று தெரிந்தே அவனோடு சேர்ந்து திரிபவனுக்கும் 1971 சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கூட்டாளி சுட்டால், அந்த இடத்தில் உடன் இருந்தவன் அதைத் தடுக்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்ததாக நிரூபிக்காதவரை, சுட்டவனுக்குரிய தண்டனையே அவனுக்கும் காத்திருக்கிறது. "நான் காரில்தான் இருந்தேன்" என்பது பல நேரங்களில் காப்பாற்றும் பதில் ஆகாது.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது?

இதன் வேர் நம் சமூகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று காலனி அரசு விதி கொண்டு வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காகவே 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற இந்திய அரசு முயன்றும் பலிக்கவில்லை. அவர் யாரையும் சுட்டார் என்பது வழக்கே அல்ல. மலாயா கணபதி என்று இன்றும் நாம் நினைவுகூரும் மனிதரின் உயிர் போனது ஒரு கைத்துப்பாக்கியால்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தத் தர்க்கம் தொடர்ந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, துப்பாக்கி வைத்திருந்தாலே மரணம் என்றது. அதன்கீழ் 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நாடே அதிர்ந்த அந்தத் தீர்ப்பு நிறைவேற்றப்படவில்லை. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 1971 சட்டம் இன்றும் இருக்கிறது.

எல்லைக்கு அப்பால்

கெடாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2017ஆம் ஆண்டுக்கான ஒரு சர்வதேச மதிப்பீட்டின்படி, தாய்லாந்தில் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் சுமார் 1 கோடி, அதாவது நூறு பேருக்குப் பதினைந்து. மலேசியாவில் நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே இருப்பது புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைதான். எளிதாகக் கிடைத்ததால் தாய்லாந்துக்காரர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா? 2023 அக்டோபரில் பேங்காக்கின் பெரிய பேரங்காடி ஒன்றில் 14 வயதுப் பையன் சுட்டதில் உயிர்கள் போயின. அவன் கையில் இருந்தது வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியை மாற்றியமைத்தது.

பயம் உண்மைதான்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது, கோயில், பள்ளி, பெரியவர்கள் என்றிருந்த கட்டுமானமும் சிதறியது. அந்த இடத்தைப் பல ஊர்களில் கும்பல்கள் நிரப்பின. 2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, சுமார் 40,000 உறுப்பினர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்றது. அந்தக் கணக்கை ஏற்காதவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் பிள்ளை பயத்தால்தான் ஆயுதத்தை நாடுகிறான் என்பதை மறுப்பவர் குறைவு.

அந்தப் பயத்துக்குத் துப்பாக்கி பதில் ஆகுமா? மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து வருபவனிடம் இடுப்பில் இருப்பதை எடுக்கக்கூட நேரம் இருக்காது. எதிரியிடமும் ஆயுதம் இருந்தால் முதலில் சுடத் தோன்றும். அந்த நொடியில் மேலே சொன்ன தண்டனைகள் தொடங்குகின்றன. தற்காப்பு உரிமை நமக்கு இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் அதைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பதே எல்லை. அந்த உரிமை கள்ளத் துப்பாக்கிக்கு உரிமம் ஆகாது.

வீட்டில் துப்பாக்கியோ தோட்டாவோ கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள், எடுத்து மறைக்காதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள். முதலில் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசி, அவருடன் காவல்நிலையம் செல்லுங்கள். பிள்ளை கைதானால், காரணத்தை அறியவும் வழக்கறிஞரை நாடவும் அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதி உரிமை தருகிறது. வசதி இல்லாத குடிமக்களுக்குக் கைது, தடுப்புக்காவல் கட்டத்திலேயே தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தின் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கேட்டுப் பெற வேண்டும்.

கோயில் கூட்டங்களிலும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களிலும் போதைப்பொருள் பற்றிப் பேசுகிறோம். 1971 சட்டத்தைப் பற்றியும் ஒரு மாலை பேசலாம். நண்பனின் காரில் ஏறும் முன் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.