அங்கிக்கு முன்பும் பின்பும்

அரசியல்வாதி நீதிபதியானால் நீதி செத்துவிடும் என்று, துறைமுகத்தை அண்டிய ஒரு தேநீர்க்கடையில் நண்பரொருவர் மேசையைத் தட்டிச் சொன்னார். அங்கே சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன். நண்பர் தவறான வாசலைக் காவல் காக்கிறார்.

இந்தியாவிலிருந்து இருவரை எடுத்துக்கொள்வோம். வி. ஆர். கிருஷ்ணய்யர் 1952இல் சென்னைச் சட்டசபை உறுப்பினர். 1957இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் சட்ட அமைச்சர். 1973இல் அவர் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டபோது சட்டத்தரணிகள் பலர் எதிர்த்தனர். 1975 யூன் 24 அன்று, தம்மை நியமித்த அரசின் பிரதமரான இந்திரா காந்தி கேட்ட முழுமையான தடையுத்தரவை அவர் மறுத்தார். பிரதமராக நீடிக்கலாம், பாராளுமன்றத்தில் வாக்களிக்க முடியாது என்றார். மறுநாள் நெருக்கடி நிலை வந்தது.

மற்றவர் பகருல் இஸ்லாம். காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினராயிருந்து 1972இல் கௌகாத்தி உயர் நீதிமன்ற நீதிபதியானார். ஓய்வு பெற்ற பின்னரும், 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். 1982 டிசம்பரில், பீகாரின் காங்கிரஸ் முதலமைச்சர் ஜகன்னாத் மிஸ்ராமீதான ஊழல் வழக்கை மீளப்பெறலாம் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் அவரும் ஒருவர். அடுத்த மாதமே பதவி விலகிக் காங்கிரஸ் வேட்பாளரானார். தேர்தல் ஒத்திவைக்கப்படவே, மாநிலங்களவைக்கு அனுப்பப்பட்டார்.

இருவரும் அரசியலிலிருந்தே வந்தவர்கள். ஆகவே வந்த வழி தீர்ப்பைத் தீர்மானிப்பதில்லை. கிருஷ்ணய்யரும் 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றாரே என்பீர்கள். நின்றார், ஓய்வு பெற்று ஏழாண்டுகள் கழித்து, ஆளுங்கட்சி வேட்பாளருக்கு எதிராக நின்று தோற்றார். அது எவரும் அளித்த கூலியன்று.

இது நமக்கெதற்கு? 2006 ஒக்டோபரில், வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வாக்கும் பதிவாகாமல், 2007 சனவரியில் இரு மாகாணங்களும் பிரிக்கப்பட்டன. இணைந்த மாகாணத்தின் தலைநகராயிருந்த திருகோணமலை அந்தத் தகுதியை இழந்தது. அன்று இவ்வூரில் நான் கேட்ட முதற்கேள்வி தீர்ப்பின் காரணங்களைப் பற்றியதன்று. நீதியரசர்கள் யாருடைய ஆட்கள் என்பதே. மக்கள் மனதில் அந்த ஐயம் எழுந்தபின், தீர்ப்பு சரியானதாயினும் அதற்கு மதிப்பில்லை.

நமது அரசியலமைப்பின் 110ஆம் உறுப்புரை, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஜனாதிபதியின் எழுத்துமூலச் சம்மதமின்றி எந்த நீதிமன்றிலும் வழக்காடுவதைத் தடுக்கிறது. தேர்தலில் நிற்க அத்தகைய தடை இல்லை. சி. வி. விக்னேஸ்வரன் 2004இல் ஓய்வு பெற்று, ஒன்பதாண்டுகள் கழித்தே வட மாகாண முதலமைச்சரானார். அந்த இடைவெளி அவர் கடைப்பிடித்தது, சட்டம் விதித்ததன்று. அடுத்தவர் ஒன்பது வாரத்தில் வரலாம்.

வழக்காடுவதற்கே ஜனாதிபதியின் அனுமதி வேண்டும். ஆளுங்கட்சியின் வேட்பாளராவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். இது என்ன முறை? ஐந்தாண்டுக் காத்திருப்பையாவது சட்டமாக்குங்கள். தேர்தலுக்கு மட்டுமன்று, அரசு கையளிக்கும் ஒவ்வொரு பதவிக்கும்.

நண்பரே, நீதிபதி எங்கிருந்து வந்தார் என்று கேளுங்கள், தவறில்லை. எங்கே போகக் காத்திருக்கிறார் என்பதை அதற்கு முன் கேளுங்கள்.