எதற்கென்று சொல்லி வாங்குங்கள்

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' பில்லின் அடியில் இருக்கும் இந்த ஒரு வரியைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டினால் போதும், பழுதான பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பேசாமல் திரும்பிப் போய்விடுகிறார். இது எனக்குப் பொறுக்கவில்லை. பில்லில் எழுதாத சில வாக்குறுதிகளையும் சேர்த்துத்தான் கடைக்காரர் நமக்கு விற்கிறார்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 14 முதல் 17 வரையான பிரிவுகளைப் பாருங்கள். விற்பவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருக்க வேண்டும். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்துப்போக வேண்டும். மாதிரி காட்டி விற்றால், மூட்டை முழுக்க அதே தரம் இருக்க வேண்டும்.

வாங்குபவர் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 16-ஆம் பிரிவு. பொருள் எதற்காக வேண்டும் என்று தெரிவித்து, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அது அந்த வேலைக்கு ஏற்றதாக இருந்தே ஆக வேண்டும். போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போகிறீர்கள். "அந்தக் கம்பெனி மோட்டார் ஒண்ணு குடுங்கண்ணே" என்று பெயரை மட்டும் சொல்லி வாங்கினால், அது உங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் ஏற்றவில்லை என்று பின்னால் வாதாடுவது கடினம். "போர் நானூறு அடிண்ணே, இதுக்கு எது சரியா வரும்?" என்று கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கினால், பொறுப்பு அவருடையது.

உபயோகம் வெளிப்படையாகத் தெரிந்தால் சொல்லக்கூடத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு மருத்துவர் கம்பளி உள்ளாடை வாங்கி அணிந்தார். அதில் தங்கிவிட்ட ரசாயனத்தால் தோல் நோய் வந்து படுத்த படுக்கையானார். 1935-இல் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உடம்பில் போட்டுக்கொள்ளத்தானே உள்ளாடை? கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறைக்குத் தயாரித்த ஆலையோடு விற்ற கடையும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஆனால் பொருளைப் பார்த்துச் சோதித்து வாங்கியவர், அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையைப் பிறகு காரணம் காட்ட முடியாது.

சரி, பில்லில் உள்ள அந்த வரி? வாங்குபவரும் விற்பவரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் இந்த வாக்குறுதிகளை விலக்கலாம் என்று 62-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். பணம் வாங்கிய பிறகு கையில் திணிக்கும் தாளை அப்படியொரு ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான்.

ஆகவே, எதற்கு வாங்குகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'நானூறு அடி போர்வெல்லுக்கு' என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற உதவி எண்ணில் முறையிடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.