தானே பிரேக் போடும் கார்! ஓட்டுகிறவர் தூங்கலாமா?

திருவண்ணாமலையில் பவுர்ணமி இரவு. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் ஜனக் கூட்டம்.

அதிகாலை 3 மணி. மலையைச் சுற்றி முடித்த ஒரு குடும்பம், ஊர் திரும்பக் காரில் ஏறுகிறது. புத்தம் புதிய மின்சாரக் கார்!

"இவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள். கொஞ்சம் தூங்கி விட்டுப் போகலாமே" என்கிறாள் மனைவி.

"பயப்படாதே! நான் கண் அசந்தாலும் இந்தக் கார் அசராது. குறுக்கே எது வந்தாலும் தானே பிரேக் போடும்" என்கிறார் கணவர்.

யார் சொல்வது சரி? மனைவி சொல்வதுதான் சரி!

உடம்பு கெட்டிதான்

மின்சாரக் கார் என்றாலே "தகர டப்பா" என்று கேலி செய்பவர்கள் உண்டு. "தீப்பிடிக்கும்" என்று அஞ்சுபவர்களும் உண்டு.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு, பக்கத்து ஊரான வேலூரில் மின்சார ஸ்கூட்டர் ஒன்று தீப்பிடித்தது. வீட்டுக்குள் புகை சூழ்ந்து, தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரிக்கான விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது.

காரின் உடம்புக்கும் இப்போது பரீட்சை உண்டு. "பாரத் என்கேப்" என்று பெயர். 2023-ல் தொடங்கியது. மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பின் மீது மோத விடுவார்கள். உள்ளே மனிதருக்குப் பதிலாகப் பொம்மை இருக்கும். பொம்மைக்கு எவ்வளவு அடி பட்டது என்று பார்த்து நட்சத்திரம் கொடுப்பார்கள்.

டாட்டாவின் பஞ்ச், நெக்ஸான் மின்சாரக் கார்கள் 2024-ல் 5 நட்சத்திரம் வாங்கின. மஹிந்திராவின் இரண்டு மின்சாரக் கார்கள் 2025-ல் 5 நட்சத்திரம் வாங்கின. இவற்றைத் தகர டப்பா என்று யாரும் சொல்ல முடியாது.

கண் எப்படி?

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மோதிய பிறகு உள்ளே இருப்பவரைக் கார் எப்படிக் காப்பாற்றும் என்பதற்குத்தான் இந்த நட்சத்திரத்தில் முக்கிய இடம்.

மோதாமலே தடுக்கும் கருவி வேறு. அதை "அடாஸ்" என்கிறார்கள். முன் கண்ணாடியில் ஒரு கேமரா. முன்பக்கம் ரேடார். இவைதான் காரின் கண்கள். எதிரே வருவதைப் பார்த்து எச்சரிக்கும். தேவையானால் பிரேக் போடும். ரோட்டில் உள்ள வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வழி மாறாமல் போக உதவும்.

இந்தக் கண்ணும் ஏமாறும்!

2016-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் அது நடந்தது. டெஸ்லா கார் ஒன்று தானியங்கி உதவியுடன் ஓடிக் கொண்டிருந்தது. குறுக்கே ஒரு வெள்ளை லாரி திரும்பியது. பளிச்சென்ற வானம் பின்னால் இருந்ததால், லாரியைக் கார் கண்டு கொள்ளவில்லை. ஓட்டுகிறவரும் பிரேக் போடவில்லை. அவர் உயிர் போயிற்று.

அகலமான அமெரிக்க ரோட்டிலேயே அப்படி! நம் ஊர் ரோடு எப்படி இருக்கிறது?

பல கிராமத்து ரோடுகளில் வெள்ளைக் கோடே கிடையாது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் வைக்கோல் வண்டி போகும். நடுரோட்டில் மாடு படுத்திருக்கும். பாதி ரோட்டில் வேர்க்கடலை காயும். பக்தர்கள் இருட்டில் குறுக்கே நடப்பார்கள். மெதுவாகப் போகும் மின்சாரக் காரில் அதிகம் சத்தம் வராது. அவர்கள் திரும்பிக் கூடப் பார்க்க மாட்டார்கள்.

2023 அக்டோபரில் செங்கம் அருகே அடுத்தடுத்து இரண்டு கோர விபத்துகள் நடந்தன. பல உயிர்கள் பலியாயின. அவை மின்சாரக் கார்கள் அல்ல. ஆனால் ரோடு அதே ரோடுதான்!

அப்படியானால் கருவி வேண்டாமா?

வேண்டும். கட்டாயம் வேண்டும். ஐரோப்பிய யூனியன் நாடுகளில், 2024 ஜூலை முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் தானியங்கி அவசர பிரேக் கட்டாயம். ஒரு நொடி கவனம் சிதறினால், அது கைகொடுக்கும்.

கைகொடுக்கிறவன் துணைவன். அவனிடமே வண்டியை ஒப்படைத்து விட்டுத் தூங்கலாமா?

என்ன செய்யலாம்?

காரின் உடம்புக்கு நட்சத்திரம் கொடுப்பது போல, அதன் கண்ணுக்கும் தனி மதிப்பெண் கொடுக்க வேண்டும். அந்தச் சோதனை நம் ரோட்டில், இருட்டில், மாட்டு வண்டிக்கும் நடந்து போகிறவருக்கும் நடுவில் நடக்க வேண்டும். முடிவை எல்லோருக்கும் புரியும் தமிழில் வெளியிட வேண்டும்.

காரை விற்பவர்கள், கருவி எப்போது வேலை செய்யும் என்று சொன்னால் போதாது. எப்போது வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் வேலை உண்டு. கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியைத் துடைத்து வையுங்கள். மின்சாரம் நின்றால் கதவைக் கையால் திறப்பது எப்படி என்று, வீட்டில் எல்லோரும் கற்றுக் கொள்ளுங்கள். அடிப்பாகம் கல்லில் பலமாக இடித்தால், உடனே காட்டுங்கள். பேட்டரி இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்துங்கள்!

அந்தக் கணவர் இரண்டு மணி நேரம் தூங்கி விட்டுப் புறப்படட்டும். வீடு எங்கும் போய்விடாது. பிள்ளைகளும் பத்திரமாகப் போய்ச் சேருவார்கள்.