முனையில்லாத வடம்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குச் சென்று தலை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு, மேகங்களுக்கிடையே டாப் ஸ்டேஷன் முகடு தெரிந்திருக்கும். 1902-ம் வருஷத்தில் மூணாறிலிருந்து அவ்விடத்துக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-ல் அது சிறிய ரயில் பாதையாக மாறிற்று. ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் முகட்டிலிருந்து எஃகு வடத்தில் தொங்கிக்கொண்டு, சுமார் 5 கிலோமீட்டர் தூரம் ஆகாய மார்க்கமாகவே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டிகள் அவற்றைப் போடிக்குக் கொண்டு சேர்த்தன. 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது.

கயிறு என்றிருந்தால் அதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஆனால், மலைக்கு மேலும் கீழும் சக்கரங்களில் ஓயாது சுற்றிவர வேண்டிய வடத்துக்கு முனை இருக்கலாகாது. முடிச்சுப் போட்டால் சக்கரத்தின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். பின் என்ன செய்வது?

இத்தகைய வடத்தில் சாதாரணமாக ஆறு புரிகளும், நடுவில் ஒரு திரியும் இருக்கும். வெட்டுமுன் வெட்டுமிடத்தின் இருபுறமும் மெல்லிய கம்பியால் இறுகக் கட்டவேண்டும்; இல்லையேல் புரிகள் பிரிந்துவிடும். பிறகு, கைவிரல்களைக் கோத்துக்கொள்வது போல் இரு முனைகளின் புரிகளையும் கோக்கிறார்கள். ஒரு வடத்தின் புரியைப் பிரித்துக்கொண்டே சென்று, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் மற்ற வடத்தின் புரியைப் படியவைக்கிறார்கள். இரு புரிகள் சந்திக்குமிடம் ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறாக இருக்கவேண்டும். கடைசியில், நடுத்திரியை அங்கங்கே வெட்டி எடுத்துவிட்டு, புரிகளின் நுனிகளை அந்த இடத்தில் செருகி மறைத்துவிடுகிறார்கள். இந்த இணைப்பின் நீளம் வடத்தின் விட்டத்தைப் போல் 1,200 மடங்கு. 25 மில்லிமீட்டர் வடமானால் 30 மீட்டர்!

இதில் ஆணி இல்லை, பற்றவைப்பும் இல்லை. வடத்தை இழுக்க இழுக்க, வெளிப்புரிகள் உள்ளே செருகிய நுனிகளை மேலும் நெருக்கிப் பிடிக்கின்றன. பாரமே பிடிப்பாகிவிடுகிறது.

ஓரிடத்தில் நிலையாகப் பிணைக்கவேண்டிய வடத்துக்கு வேறு முறை உண்டு. நுனிக் கம்பிகளைத் துடைப்பம் போல் விரித்து, எண்ணெயும் அழுக்கும் போகச் சுத்தம் செய்து, கூம்பு வடிவமான எஃகுக் குவளைக்குள் நுழைத்து, உருக்கிய துத்தநாகத்தை வார்க்கிறார்கள். அழுக்கை அரைகுறையாகத் துடைத்திருந்தால் துத்தநாகம் கம்பியைப் பற்றாது. வெளிப்பார்வைக்கு நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிய வரும்போது, காலம் கடந்துவிட்டிருக்கும்.

பழனி மலையில் 2004 முதல் ரோப் கார் ஓடுகிறது. அங்கும் சுற்றி வருவது முனையில்லாத வடந்தான். வருஷந்தோறும் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் அதை நிறுத்திவைக்கிறார்கள். "இவ்வளவு தூரம் வந்தும் படியேறவேண்டியிருக்கிறதே!" என்று நாம் முணுமுணுக்கிறோம். வடத்தையும் இணைப்பையும் அங்குலம் அங்குலமாகத் தடவி, அறுந்த கம்பி உண்டா என்று பார்ப்பதற்கு அந்த வாரங்கள்தான் அவகாசம். பார்ப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால், அடுத்த முறை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கும்போது, நாம் நம்பியிருப்பது அவருடைய விரல்களைத்தான். அறிவிப்புப் பலகையைக் கண்டால், முணுமுணுக்காமல் படியேறுவோமாக.