பூனைக்குக் கைவைத்தியம்: கை சரி, வைத்தியம்?

நொய்டாவுக்கு வேலைக்கு வந்து வருஷம் ஒன்பது ஆச்சு. நான் வந்த புதுசில் எங்க குடியிருப்பில் நாய் வளர்க்கிறவங்கதான் உண்டு. இப்போ மாடிக்கு ரெண்டு வீட்டில் பூனை. அதனால வாட்சப் குழுவில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு கேள்வி வந்துடும்: "எங்க பூனைக்கு ரெண்டு நாளா சளி, சாப்பிட மாட்டேங்குது. வீட்டு வைத்தியம் ஏதாவது சொல்லுங்களேன்." பத்து நிமிஷத்தில் பதினைந்து பதில். மஞ்சள் போட்ட பால் கொடுங்க. கடுகு எண்ணெயில் பூண்டைப் பொரித்து நெஞ்சில் தடவுங்க. யூகலிப்டஸ் எண்ணெயைக் கழுத்துப் பட்டையில் ரெண்டு சொட்டு விடுங்க. காய்ச்சல்னா பாராசிட்டமால் அரை மாத்திரை. ஊரில் நம்ம அத்தைமார்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். மொழிதான் வேற.

கைவைத்தியத்தைக் கிண்டல் பண்ண இதை எழுதலை. சுக்கும் மிளகும் திப்பிலியும் குடிச்சு வளர்ந்தவன்தான் நானும். ஆனா பூனை விஷயத்தில் என் கட்சி இதுதான்: வீட்டில் செய்யக்கூடிய கவனிப்பு ஏராளமா இருக்கு. வீட்டில் இருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய மருந்து அநேகமா எதுவுமே இல்லை.

ஏன் என்று கேட்டால், பதில் பூனையின் ஈரலில் இருக்கிறது. நாம் சாப்பிடும் பல மருந்துகளையும் செடிகொடிகளின் சாரத்தையும் நம் ஈரல் ஒரு சர்க்கரைப் பொருளோடு ஒட்டி, கரையவைத்து, சிறுநீரில் வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்த வேலையைச் செய்கிற முக்கியமான நொதி ஒன்று இல்லை. அதற்கான ஜீன் செயலிழந்து போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகக் கறி மட்டுமே தின்ற மிருகத்துக்குச் செடியின் நஞ்சை முறிக்கும் தேவை வரவில்லை என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே நம் உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடும் ஆஸ்பிரின், பூனை உடம்பில் நாள்கணக்கில் தங்கும். பாராசிட்டமால் இன்னும் மோசம். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாக மாறி, பூனை மூச்சுக்குத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரை எடுக்கப் போதும். அரை மாத்திரையும் ஆபத்துதான்.

"ஆனா அதுக்கு உடம்பு சுடுதே சார்" என்பார்கள். சுடத்தான் செய்யும். பூனையின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்ம 98.6 கணக்கில் பார்த்தால் உலகத்தில் உள்ள எல்லாப் பூனைக்கும் நிரந்தரக் காய்ச்சல்தான் :-)

ஒரு உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொரு உயிருக்கு விஷமாகும் என்பதை இந்தியா ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, 90களில் தொடங்கி அவற்றைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. காரணம் இதுதான் என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாட்டுக்கு அது நல்ல மருந்துதான், கழுகுக்குத்தான் எமன்.

அடுத்த வாதம், பாரம்பரியம். "நம்ம முன்னோர் இப்படித்தானே பார்த்தாங்க?" பார்த்தார்கள்தான், ஆனால் யாரை? யானைக்குப் பாலகாப்பியர் பெயரில் நூல் இருக்கிறது. குதிரைக்குச் சாலிஹோத்திரர். தமிழில் மாட்டு வாகடச் சுவடிகள் இருக்கின்றன. இன்றைக்கும் பசுவின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசுவதைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. அந்த அறிவு பெரியது, மரியாதைக்குரியது. ஆனால் அது விலை உள்ள மிருகங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு. பூனை என்றைக்கு நம்ம வீட்டில் நோயாளியாகப் படுத்திருந்தது? எலி பிடிக்கும், ஒருநாள் காணாமல் போகும், அவ்வளவுதான். மாட்டுக்குச் சொன்ன அதே கற்றாழையைப் பூனை நக்கினால் வாந்தியும் பேதியும் வரும். இதில் வேடிக்கை, குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பேர் உண்டு. அதன் வேரைக் கண்டால் பல பூனைகள் கிறங்கிப் புரளும். பூனை ஆசைப்படுகிறது என்பதற்காக அது மருந்தாகிவிடாது. நாம் ஆசைப்படுவதெல்லாம் நமக்கு மருந்தா என்ன?

குழுவில் அதிகம் வரும் யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

பூண்டு, வெங்காயம்: பூச்சிக்கும் உண்ணிக்கும் பூண்டு என்று சொல்லாத ஆள் இல்லை. இவை பூனையின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும். பொடியாகக் கொடுத்தாலும் சமைத்துக் கொடுத்தாலும் அதேதான். வெங்காயம் போட்ட கறிக்குழம்பும் இதில் சேர்த்தி.

யூகலிப்டஸ், டீ ட்ரீ, கற்பூரம், வேப்பெண்ணெய்: பூனை தன் உடம்பை நாக்கால் கழுவுகிற மிருகம். முதுகில் தடவியது சாயங்காலத்துக்குள் வயிற்றில் இருக்கும். "வெளிப்பூச்சு மட்டும்" என்ற பேச்சே பூனைக்குக் கிடையாது.

நாய்க்கான உண்ணி மருந்து: இது இயற்கை வைத்தியம் இல்லை. ஆனால் "வீட்டில் இருந்தது, போட்டேன்" வகை. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், சாகவும் செய்யும்.

பினாயில்: பூனைக்கு நோய் வந்ததும் வீட்டை மூன்று வேளை பினாயில் போட்டுத் துடைக்கிறார்கள். ஃபீனால் கலந்த கருப்பு பினாயிலைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே உள்ளே போகும்.

பால்: வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது. பேதியாகிற பூனைக்கு மஞ்சள் பால் கொடுப்பது எரிகிற அடுப்பில் நெய் ஊற்றுகிற வேலை.

சரி, வீட்டில் என்னதான் செய்யலாம்? நிறைய.

சளி பிடித்த பூனை சாப்பிடாததற்குப் பெரிய காரணம், மூக்கடைத்து வாசனை தெரியாததுதான். குளியலறையில் கீசர் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் பூனையோடு பத்துப் பதினைந்து நிமிஷம் உட்காருங்கள். வெறும் ஆவி போதும், தைலம் வேண்டாம். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிடுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியைக் கொஞ்சம் சூடாக்கி வையுங்கள், வாசனை ஏறும். லேசான மலச்சிக்கலுக்கு வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன். உண்ணிக்கு நெருங்கிய பல் சீப்பும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும். இந்த ஊர் டிசம்பர் குளிருக்குத் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில். கைவைத்தியத்தில் கை என்பது இதுதான். டாக்டரிடம் போய் வந்த பிறகும் பூனையைத் தேற்றுவது இந்தக் கைதான்.

இன்னொரு வேலையும் கைக்கு உண்டு, கவனிப்பது. பூனை நோயை மறைக்கும் மிருகம். அது கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறது என்றால் ஏற்கெனவே தாமதம். கீழே சொல்பவற்றில் எதையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது:

ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை. பலரும் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுவார்கள், அல்லது பார்லித் தண்ணீர் ஊற்றுவார்கள். குழாய் அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

ஒரு நாளைக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை. நமக்கு லங்கணம் பரம ஔஷதம். பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும்.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடக்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கிறது.

பூனை உங்களைக் கடித்துவிட்டாலும் இதே நியாயம்தான். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். பூனைக்கடியிலும் ரேபிஸ் உண்டு.

"சொல்றது சுலபம், டாக்டர் செலவு யார் கொடுப்பா?" என்ற கேள்வி நியாயமானது. தனியார் கிளினிக்கில் ஒரு ராத்திரி அட்மிஷன் என்றால் சின்னச் சம்பளக்காரருக்குத் தாங்காது. பல ஊர்களில் இருக்கிற டாக்டருக்கும் மாடும் நாயும்தான் பழக்கம். கைவைத்தியம் தேடுகிறவர்களில் பாதிப் பேர் அறியாமையால் தேடவில்லை, பர்ஸைப் பார்த்துத் தேடுகிறார்கள். அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நாள் கஷாயம் கொடுத்துவிட்டு நான்காம் நாள் ஓடுகிறவருக்குத்தான் பில் பெரிசாக வருகிறது. முதல் நாள் ஆலோசனைக் கட்டணத்தோடு முடிந்திருக்கும். தடுப்பூசி அதைவிட மலிவு. அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி தெரியும், மற்ற ஊர்களிலும் விசாரித்தால் கிடைக்கும். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்க குழுவில் இப்போதைக்கு நான் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். பூனை பார்க்கத் தெரிந்த நாலு டாக்டர்களின் நேரம், ராத்திரியில் திறந்திருக்கும் இடம், தோராயமான கட்டணம் எல்லாம் போட்டு ஒரே பட்டியல். வீட்டு வைத்தியம் கேட்டு யாராவது எழுதினால் பதினாறாவது பதிலாக அதைப் போடுகிறேன். உங்க ஊரிலும் ஒருத்தர் இதைச் செய்யலாம். அரை மணி நேர வேலைதான்.