பத்து மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு எவ்வளவு இழுவை கிடைக்கும்?

கடம்பூர்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "போளி வாங்கிட்டு வந்தியா?" போளி இருக்கட்டும். எங்க ஊர்ல அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு: பிக்கப் வண்டி. உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம், உர மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம் எல்லாம் அதுலதான் போகும். ஐப்பசி மழையில கரிசல் சேறு டயர்ல அப்பிக்கிட்டா, லோடு ஏத்தின வண்டி வரப்பைத் தாண்டி ரோட்டுக்கு வர்றதே பெரும் பாடு. அதனால "இஞ்சின்ல இன்னும் கொஞ்சம் இழுவை கூட்ட முடியுமா?" என்ற பேச்சு டீக்கடையில எப்பவும் ஓடும். மெக்கானிக்கல் படிக்கிறவன் பக்கத்துல நின்னா போதும், கேள்வி நேரா அவன்கிட்டதான் வரும்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் பிக்கப் இஞ்சினை ஸ்ட்ரோக் கூட்டி, மேலே சூப்பர்சார்ஜர் மாட்டி ஓட்டும் வீடியோக்கள் நம்ம டிபார்ட்மென்ட்ல ரொம்பப் பிரபலம். அது வெறும் வித்தை இல்லை, கம்பெனியே செய்து விற்றிருக்கிறது. ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8 இஞ்சினுக்கு போர் 90.2 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. அதே போரை வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கை 105.8 ஆக்கியதும் 5.4 லிட்டர் வந்தது. 1999 மாடல் எஃப்-150 லைட்னிங் பிக்கப்பில் அதற்கு மேல் ஈட்டன் சூப்பர்சார்ஜரை உட்கார வைத்தார்கள். சாதாரண 5.4 தந்தது 260 குதிரைத்திறன், லைட்னிங் தந்தது 360.

இதுல எனக்குப் பிடிச்சது அந்த 360 இல்லை, அது ஏன் 400 ஆகலைங்கிற கேள்வி. பூஸ்ட் சுமார் 8 பி.எஸ்.ஐ. வளிமண்டல அழுத்தம் 14.7. அப்படின்னா சுமார் 54 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகணும். ஆனா திறன் கூடியது 38 சதவீதம்தான். மீதி எங்கே போச்சு? சூப்பர்சார்ஜரை ஓட்டுற பெல்ட் கிராங்க்லேர்ந்தே சக்தியைத் திருடுது. அழுத்தின காற்று சூடாகி விரியறதால, இன்டர்கூலர் வெச்சும் கொஞ்சம் அடர்த்தி போயிடுது. நாக்கிங் வராம இருக்க கம்ப்ரஷன் ரேஷியோவை 9-லிருந்து 8.4-க்கு இறக்கவும் வேண்டியிருந்தது. மூணு யூனிட் தெர்மல் பாடம் இந்த ஒரே வண்டியில இருக்கு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மஹிந்திரா பொலிரோ பிக்கப்பின் 2523 சி.சி. டீசல் இஞ்சினை எடுத்துக்கலாம். போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6. இந்த நம்பர் ஏன் இவ்வளவு விசித்திரமா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? மூன்றரை அங்குலம், நாலு அங்குலம், அவ்வளவுதான். பழைய டிராக்டர் இஞ்சின் காலத்து அளவு. டர்போவோட 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க்.

இதில் ஸ்ட்ரோக்கை 10 மி.மீ. கூட்டினால் 2771 சி.சி. வரும். சிலிண்டருக்குள் சராசரி அழுத்தம் மாறாது என்று வைத்துக்கொண்டால் டார்க் 220 ஆகும். அதாவது வெறும் 20 நியூட்டன் மீட்டர் கூடும். அதற்கு என்னென்ன வேணும் தெரியுமா? புது கிராங்க் ஷாஃப்ட் வேணும். பிஸ்டன் மேலே 5 மி.மீ. அதிகமா ஏறும், ஹெட்டில் இடிக்கும். அதனால ராடை குறைக்கணும், இல்லைன்னா பின் மேலே ஏறின பிஸ்டன் செய்யணும். மேலே இருக்கிற இடம் அதேதான் என்பதால் கம்ப்ரஷன் ரேஷியோ 18-ல இருந்தா 19.7-க்குப் போயிடும், அதையும் இறக்கணும். 3200 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 10.8 மீட்டரிலிருந்து 11.9 ஆகும். இத்தனையும் 20 நியூட்டன் மீட்டருக்கு!

"ஸ்ட்ரோக் நீளமா இருந்தா இழுவை ஜாஸ்தி" என்று பட்டறையில் சொல்வார்கள், நம்ம கிளாஸிலும் சொல்வார்கள். பாதிதான் சரி. சி.சி. கூடுறதாலதான் இழுவை கூடுது. அதே சி.சி.க்குள்ள ஸ்ட்ரோக்கை நீட்டி போரைச் சுருக்கினால், கிராங்க்கின் கை நீளும், பிஸ்டனைத் தள்ளும் பரப்பு குறையும். ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். புல்லட்டைப் பாருங்க: பழைய 350-க்கும் பழைய 500-க்கும் ஸ்ட்ரோக் ஒரே 90 மி.மீ.தான். போர் 70-லிருந்து 84 ஆனதில்தான் அந்த இழுவை வந்தது.

இதே பொலிரோ இஞ்சினில் சராசரி அழுத்தத்தை இப்போதைய 10 பாரிலிருந்து 12 பாருக்குக் கொண்டுபோனால் 240 நியூட்டன் மீட்டர் வரும். கிராங்க்கைத் தொடவே வேண்டாம். அதனால் என் கட்சி தெளிவு: செலவழிக்கிற காசுக்கு ஸ்ட்ரோக்கைவிட காற்றுதான் லாபம். காற்றைக் கூட்டாம டீசலை மட்டும் கூட்டினா? எங்க ஊர்ல பழைய வண்டிகளில் "பம்ப்பைக் கூட்டி வச்சிருக்கேன்" என்று அண்ணன்கள் பெருமையா சொல்வாங்க. பின்னாடி வர்ற கரும்புகைதான் அதற்குச் சாட்சி. எரியாத டீசலுக்கும் பங்க்ல காசு கொடுத்திருக்கோம்ல.

ஆனா ரோட்டில் ஓடுற வண்டிக்கு இதுல எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 1700 கிலோ ஏத்த வேண்டிய வண்டி இரண்டரை டன்னை இழுக்க ஆரம்பிச்சா, அதை நிறுத்துறது அதே பழைய பிரேக்தான். கிளட்ச், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எதுவும் மாறலை. சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ்காரன் முதலில் தேடுறதும் இதைத்தான். சேத்துல மாட்டுற வண்டிக்கு நல்ல டயரும் அளவான லோடும் போதும்னு சொன்னா டீக்கடையில யாருக்கும் பிடிக்காது. இருந்தாலும் நான் அதையேதான் சொல்வேன்.

அப்போ இதை எங்கே செய்யணும்? நம்ம லேப்ல. இந்த வருஷம் என் பேட்ச்ல எத்தனை ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட் சென்டரிலிருந்து பைண்டிங் போட்டே வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, யாரோ செய்த மாடலை வைவாவுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்றோம். இதற்கு வீட்டில் உளுந்து வித்த காசு போகுது. "இனிமே எல்லாம் இ.வி.தான், இஞ்சின் எதுக்கு?" என்று கேட்கும் நண்பர்களிடம் ஒன்றே ஒன்று: எங்க ஊர் கரிசல் காட்டுக்குள்ள எலெக்ட்ரிக் பிக்கப் வர்ற வரைக்கும் டீசல்தான் உளுந்தைச் சுமக்கும். அழுத்தம், வெப்பம், லோடு கணக்கு தெரிஞ்சவனுக்கு மோட்டாரும் பேட்டரியும் அந்நியமா இருக்காது.

தெர்மல் லேபில் இருக்கிற கிர்லோஸ்கர் ஒற்றை சிலிண்டர் இஞ்சின் நம்ம எல்லாருக்கும் பழக்கம். 87.5-க்கு 110, 661 சி.சி., 1500 ஆர்.பி.எம்.மில் 5.2 கிலோவாட். அதன் சராசரி அழுத்தத்தைக் கணக்குப் போட்டால் 6.3 பார்தான் வருது. டர்போ பிக்கப் 10-ல் இருக்கு. அந்த இடைவெளிதான் நம்ம ப்ராஜெக்ட். தனி எலெக்ட்ரிக் மோட்டாரில் ஓடும் ஒரு புளோயர், நடுவில் ஒரு சர்ஜ் டேங்க், ஒரு ரிலீஃப் வால்வு. 0.2 பாரில் நிறுத்திக்கொள்ளலாம். மோட்டார் தின்ற கரண்டையும் அளந்து கழித்தால் சூப்பர்சார்ஜர் உண்மையில் என்ன கொடுத்ததுன்னு தெரியும், லைட்னிங்கில் காணாமப் போன அந்த 16 சதவீதம் மாதிரி. ஸ்ட்ரோக் கூட்டுறதை கேட் மாடலிலும் கணக்கிலும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு லேத் வேண்டாம்.

டிபார்ட்மென்ட்டிடம் கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை. லேப் நேரம் முடிஞ்ச பிறகு வாரத்துக்கு இரண்டு மாலை, கூட நிற்க ஒரு லேப் டெக்னீஷியன் அண்ணன், தோற்றுப்போன ரீடிங்குக்கும் மார்க். மூணாம் வருஷத் தம்பி தங்கைகளில் நாலு பேர் சேர்ந்தால் ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னாடியே எச்.ஓ.டி. சாரிடம் போய் நிற்கலாம். கணக்கு எழுதின நோட்டு என்கிட்ட இருக்கு, வாங்கிக்கோங்க.